நடுக்கம் வேறு, மறதி வேறு



கேமரன் மலையில் பொழுது விடியும் நேரம். தேயிலைச் செடிகளின் மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகளும் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். லயத்து வீடுகளில் மிஞ்சியிருப்பவர்கள் பெரியவர்கள்தாம்.

ஒரு வீட்டு வாசலில் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் வைத்த வலது கை, அவர் ஆட்டாமலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஒன்றோடொன்று உரசுகின்றன. அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. காலையில் தேநீர் குடித்தார். கோப்பையையும் தாமே கழுவி வைத்தார். பத்து நிமிடம் கழித்து மருமகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, எனக்கு இன்னும் தேத்தண்ணி குடுக்கலியே?" என்கிறார். "இப்பத்தானே அத்தை குடிச்சீங்க" என்றால், "நான் எப்பக் குடிச்சேன்?" என்று கோபித்துக்கொள்கிறார்.

இந்த இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." இன்று நாம் பேசப்போவது இந்தப் பதிலைப் பற்றித்தான். தாத்தாவுக்கு வந்திருப்பது ஒரு நோயாக இருக்கலாம்; பாட்டிக்கு வந்திருப்பது வேறொரு நோயாக இருக்கலாம். இரண்டையும் 'வயசு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்தால் இருவருக்கும் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும்.

மூளையைத் தேயிலை ஃபேக்டரிக்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். கொழுந்தை வாட்டுவதற்கு ஓர் இடம், உருட்டுவதற்கு ஓர் இயந்திரம், உலர்த்துவதற்கு ஓர் அடுப்பு, சலிப்பதற்கு ஓர் இடம் என்று வேலைகள் பிரிந்திருக்கின்றன. உருட்டும் இயந்திரம் நின்றால் ஒரு விதமான கோளாறு. உலர்த்தும் அடுப்பு அணைந்தால் வேறு விதமான கோளாறு. வெளியே நிற்பவருக்கோ 'ஃபேக்டரி ஓடவில்லை' என்பது மட்டுந்தான் தெரியும். மூளையிலும் அசைவுக்கு ஓர் இடம், நினைவைப் பதிவதற்கு ஓர் இடம் என்று உண்டு. எந்த இடத்தில் உயிரணுக்கள் முதலில் அழிகின்றனவோ, அதற்குத் தக்கபடி நோயின் குறிகள் வெளியே தெரிகின்றன.

முதலில் அசைவைத் தாக்கும் நோயைப் பார்ப்போம். இதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். நம் வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். இலண்டனில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817 ஆம் ஆண்டில், ஆறு பேரிடம் தாம் கண்ட குறிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். பிற்காலத்தில் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. இயந்திரத்துக்கு எண்ணெய் எப்படியோ, நம் அசைவுக்கு டோப்பமின் அப்படி. அந்த உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுக்கம் வெளியே தெரியும் நேரத்தில், அவற்றில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். எண்ணெய் வற்றிய இயந்திரம் என்ன செய்யும்? இறுகும், மெதுவாகும், நடுங்கும்.

இந்த நோயின் குறிகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். கை சும்மா இருக்கும்போது ஆடும். ஒரு பொருளை எடுக்கப் போனால் ஆட்டம் குறையும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்கும். காலடி சிறிதாகும், பாதம் தரையில் தேயும். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் சட்டைப் பொத்தானைப் போடத் திணறும். கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துக்கொண்டே போகும். குரல் தாழ்ந்துவிடும். முகத்தில் சிரிப்போ வருத்தமோ தெரியாது. வீட்டார் அதைப் பார்த்து, "தாத்தா எந்நேரமும் கோபமாக இருக்கிறார்" என்பார்கள். அவர் கோபமாக இல்லை. முகத்தின் தசைகள்தாம் இறுகிவிட்டன. இவை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிலருக்கு மூக்கில் வாசனை தெரியாமல் போவதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கனவு கண்டு கை காலை வீசிக் கத்துவதும் இருப்பதுண்டு. நடுக்கமே இல்லாமல் இறுக்கமும் மந்தமும் மட்டும் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னர் என்பவரோடு பதினைந்து சுற்று மோதி வென்றவர் அவர். வண்ணத்துப்பூச்சிபோல் காலை மாற்றி மாற்றி வைத்தவர். 1984 ஆம் ஆண்டில், தமது நாற்பத்திரண்டாம் வயதில், அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாக டாக்டர்கள் கூறினார்கள். 1996 ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் தீபம் ஏற்றியபோது கை நடுங்கியதை உலகமே பார்த்தது. நடுங்கிய கையோடு பொதுமேடையில் நிற்க அவர் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2016 இல் மறைந்தார்.

இனி நினைவைத் தாக்கும் நோய். இதில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1901 ஆம் ஆண்டில் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருவரை மருத்துவமனையில் கண்டார். அந்த அம்மையாருக்குத் தம் பெயரை எழுதவே தடுமாற்றம். கணவர் மீது காரணமில்லாத சந்தேகம். அவர் 1906 இல் இறந்த பிறகு அவருடைய மூளையை நுண்ணோக்காடியில் ஆராய்ந்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த கறைகளையும் உள்ளே சிக்கிய நூல்போன்ற முடிச்சுகளையும் அல்சைமர் எடுத்துச் சொன்னார். இன்றும் இந்த நோயின் அடையாளங்கள் அவைதாம்.

இந்த அழிவு பெரும்பாலும், புது நினைவுகளைப் பதியும் பகுதியில் முதலில் தொடங்குகிறது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கிராணியார் இன்றைக்கு யார் பெயரையும் பதியவில்லை. ஆனால், முப்பது ஆண்டுக்கு முந்திய பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. பாட்டியின் மனத்திலும் அதுதான் நடக்கிறது. தாம் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளை நேற்று நடந்ததுபோல் சொல்வார். காலையில் தேநீர் குடித்தது பதிவாகவே இல்லை. பதிவாகாத ஒன்றை நினைவுபடுத்திப் பார் என்றால் எப்படி முடியும்?

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பணம் எண்ணுவதில் குழப்பம், நாள் கிழமை தெரியாமை, நெடுநாள் சமைத்த குழம்பில் எதற்குப் பின் எதைப் போடுவது என்று தடுமாறுவது, பழகிய பாதையில் வழி தவறுவது ஆகியவை இதன் குறிகள். கை நடுங்காது, கால் தள்ளாடாது. தொடக்கத்தில் உடம்பு நன்றாகவே இருக்கும். அதனால்தான் வீட்டாருக்கு இது நோய் என்றே தோன்றுவதில்லை. அமெரிக்க நாட்டின் முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகன், தமக்கு அல்சைமர் வந்திருக்கிறது என்பதை 1994 ஆம் ஆண்டு நவம்பரில் தம் கைப்படவே கடிதம் எழுதி மக்களுக்கு அறிவித்தார். கை எழுதியது; நினைவுதான் தேய்ந்துகொண்டிருந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் நம் மனத்தைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கம் வந்த தாத்தாவை நாம் அறிவில்லாதவராக நடத்துகிறோம். அவர் மெதுவாகப் பேசுவதால், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறோம். அவருக்கோ எல்லாம் புரிகிறது. மறதி வந்த பாட்டியை நாம் பொய் சொல்கிறவராக நடத்துகிறோம். அவர் சங்கிலியை எங்கோ வைத்துவிட்டு, "மருமகள் எடுத்துவிட்டாள்" என்கிறார். அதனால் எத்தனை வீடுகளில் சண்டை! வைத்த இடம் அவர் மனத்தில் பதியவில்லை, பொருளைக் காணோம், யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மனம் காரணம் தேடுகிறது. அந்தச் சொல்லைச் சொல்வது நோய். அதைக் கேட்டு மருமகளைக் கண்டிக்கும் மகன் இதை அறிந்துகொள்ள வேண்டும். மருமகளும் மனம் நோகாமல், "வாங்க அத்தை, ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்" என்று கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

'ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற' என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. நோய்க்கும் இது பொருந்தும்.

நடுக்குவாதத்துக்கு மருந்து உண்டு. லெவோடோப்பா என்னும் மருந்து மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறுகிறது. இந்தப் பொருள் பூனைக்காலி விதையில் இருப்பதை 1937 ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால், முப்பது ஆண்டு கழித்து, 1967 இல், அமெரிக்காவில் கோட்சியஸ் என்ற மருத்துவர், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தால் இறுகிப்போனவர்களும் எழுந்து நடக்கிறார்கள் என்று காட்டிய பிறகே அது பரவலான மருந்தாயிற்று. பூனைக்காலி விதையை வீட்டிலேயே அரைத்துக் குடிக்கலாமே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

லெவோடோப்பா நோயை வேரோடு அழிப்பதில்லை. அசைவைத் திருப்பித் தருகிறது. அதை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகச் சாப்பிட்டால் நல்லது. டாக்டரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தவே கூடாது. நாள்தோறும் நடையும் பயிற்சியும் வேண்டும். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். "ஒன்று, இரண்டு" என்று தாளம் சொல்லுங்கள். அல்லது வாசலில் சுண்ணக்கட்டியால் கோடுகள் போட்டு அவற்றைத் தாண்டச் சொல்லுங்கள். கால் தானே எழும்பும். நம் மலைத் தோட்டத்தில் படியும் சரிவும் அதிகம்; பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பு கட்டிவிடுங்கள்.

மறதி நோய்க்கு லெவோடோப்பா உதவாது. டோனெபெசில் போன்ற வேறு மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் ஓரளவு துணை செய்யும். 2023 முதல் சில நாடுகளில், நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. அவற்றுக்கு அடிக்கடி மூளைப் படம் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். இந்த நோயில் பெரிய மருந்து வீட்டின் ஒழுங்குதான். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே இடத்தில் பொருள்கள், வாதாடாத பேச்சு, பழைய பாட்டு, கைக்கு ஏற்ற சிறு வேலை. வழி தவறுவதை மட்டும் எளிதாக எண்ணாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தேயிலைச் செடிகள், இரவிலோ கடுங்குளிர். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் தைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் காவல்காரரிடமும் மறைக்காமல் சொல்லிவையுங்கள். இதில் மானக்கேடு எதுவும் இல்லை.

இரண்டு நோயும் ஒருவருக்கே வருமா என்று கேட்பீர்கள். வரும். பார்க்கின்சன் வந்து பல ஆண்டு கழித்துப் பலருக்கு நினைவும் தேய்வதுண்டு. லூயி உடல் நோய் என்று மற்றொன்று உண்டு. அதில் அறிவுத் தடுமாற்றமும் உடல் இறுக்கமும் ஏறத்தாழ ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வரும். இல்லாத குழந்தைகளையும் பிராணிகளையும் தெளிவாகக் காண்பார்கள். உடனே பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடுந்தீங்கு செய்யக்கூடும். அதனால்தான் டாக்டர் கேட்கும் முதற்கேள்வியும் நாம் சொல்ல வேண்டிய முதல் விடையும் இதுவே: எது முதலில் வந்தது? நடுக்கமா, மறதியா? எத்தனை மாத இடைவெளியில்? மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா?

திடீரென்று வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றால் வந்த குழப்பமாகவும் இருக்கலாம். தலை அடிபட விழுந்த சில வாரங்களுக்குப் பின் தடுமாற்றம் வந்தால் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோல் வேடம் போடும். சம்சு குடித்துக் குடித்து உடம்பில் பி1 உயிர்ச்சத்து வற்றினாலும் நினைவு அழியும். குமட்டலுக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் போன்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டால் நடுக்குவாதம்போல் வரும். கோப்பையைத் தூக்கும்போது மட்டும் கை ஆடி, குடும்பத்தில் பலருக்கும் அது இருந்தால், அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். இவற்றுள் பலவற்றைக் குணப்படுத்தலாம். 'வயசாச்சு' என்று சொல்லி வீட்டில் உட்காரவைத்தால், குணமாகக் கூடியதையும் இழந்துவிடுகிறோம்.

மருந்து தெளித்த பெண்களும் ஆண்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கியது. அதோடு பழகியவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தெளித்தவர்கள் எல்லாருக்கும் வரும் என்பதில்லை; தெளிக்காதவர்களுக்கும் வருகிறது. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது தடை செய்யப்பட்டிருக்கிறது. மற்ற மருந்துகளைத் தெளிக்கும்போதும் கையுறையும் முகமூடியும் அணியுங்கள். மருந்து இருந்த தோம்பில் தண்ணீர் பிடிக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது எத்தனை ஆண்டு தெளித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

2018 ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பள்ளிக்குப் போகாதவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. ஆனால் மனம் தளர வேண்டாம். இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, குடி, காது கேளாமை, கண் புரை, தனிமை போன்றவற்றைக் கவனித்தால் உலகில் வரும் மறதி நோயில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ முடியும் என்று 2024 இல் அறிஞர் குழு ஒன்று கணக்கிட்டது. இன்னொரு நற்செய்தி. ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு மறதி நோய் சராசரி நாலரை ஆண்டு பிந்தியே வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. வீட்டில் தமிழும் கடையில் மலாயும் பேசி வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இது பொருந்தக்கூடிய செய்தி.

ஆகவே, குறிகளைக் கண்டால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். அதை எடுத்துக்கொண்டு ரிங்லெட் அல்லது தானா ராத்தா மருத்துவ நிலையத்துக்குப் பெரியவரோடு நீங்களும் போங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். நினைவுச் சோதனையில் கணக்கும் எழுத்தும் கேட்பார்கள். பள்ளி காணாத பாட்டி அதில் தவறினால் அது நோய் என்று ஆகிவிடாது. அரியானா மாநிலத்தின் பல்லப்கர் வட்டாரத்தில் 1990களில் ஆராய்ந்தவர்கள், படிக்காத முதியவர்களுக்கு ஏற்றபடி கேள்விகளையே மாற்றி அமைத்தார்கள். "அம்மா பள்ளிக்கூடம் போகலீங்க டாக்டர், தமிழ்லே கேளுங்க" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சமூகநலத் துறை உதவித்தொகை தருகிறது, அதையும் விசாரியுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அவர் ஒரு மருமகள் அல்லது மகள். வாரத்தில் ஒரு பொழுதாவது வேறொருவர் அந்தப் பொறுப்பை ஏற்று, அவரை உறங்கவிடுங்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பாட்டி மறுபடியும் தேநீர் கேட்டால் அரைக் கோப்பை ஊற்றிக் கொடுங்கள். நம் மலையில் தேயிலைக்குப் பஞ்சமில்லை.